அணையாத விளக்கும் அந்திமக்கால இல்லமும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் கருப்பணசாமி பாறை என்று ஊரார் வழங்கும் குன்று ஒன்று உண்டு. அதன் பாறை முகத்தில் பார்சுவநாதர், மகாவீரர் முதலிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்துப் பொறிப்புகளில் அச்சணந்தி முனிவரின் பெயரும் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கம்பம் பள்ளத்தாக்கில் சமண அறம் தழைத்திருந்தமைக்கு அப்பாறையே சான்று. அதே வட்டத்தில், சுரபி ஆற்றங்கரையில் அமைந்த பேரூர் குச்சனூர். சுயம்பு சனீசுவரர் கோயிலால் தமிழகம் முழுதும் அறியப்பட்ட ஊர் அது. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அதன் தெருக்களில் கால் வைக்க இடமிராது.

பழந்தமிழகத்துக் கல்வெட்டுகளைப் படித்தோர் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரை அறிவர். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய விரும்பிய கொடையாளர், தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடுத்துச் செல்வார். ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் அளந்த நெய்யைக் கோயிலுக்கு அளிக்க வேண்டும். கிழடான ஆட்டுக்குப் பதில் குட்டி வளரும். ஆகவே மந்தையின் எண்ணிக்கை குறையாது. சாவும் மூப்பும் இல்லாத மந்தை என்பது இதன் பொருள். முதல் குறையாமல் பயன் மட்டும் ஒழுகினால் விளக்கு அணையாது என்னும் கணக்கை அன்றைய மக்கள் தெளிவாக அறிந்திருந்தனர்.

முதுமையும் ஒரு நந்தா விளக்கே. உழைப்பு நின்ற பிறகும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அது எரிய வேண்டும். அதற்கு வேண்டிய நெய் எங்கிருந்து வரும்? பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் செல்வம் வங்கியில் இல்லை. குடியிருக்கும் வீட்டில்தான் இருக்கிறது. அந்த வீட்டை என்ன செய்வது என்பதே முதுமையின் முதற்பெரும் பொருளாதார வினா.

குச்சனூரில் ஓர் இல்லம்

கருத்து விளங்கும்பொருட்டு, குச்சனூரில் ஓர் இணையர் வாழ்வதாகக் கொள்க. கணவருக்கு வயது 68, மனைவிக்கு 62. சின்னமனூரில் நாற்பது ஆண்டுகள் பலசரக்குக் கடை நடத்தி, முழங்கால் வலியால் கடையை மூடிவிட்டவர் அவர். அரசு ஓய்வூதியம் கிடையாது. வங்கியில் 15 லட்ச ரூபாய் வைப்பு நிதி உள்ளது. கோயிலுக்குச் செல்லும் சாலையில் சுமார் 40 லட்சம் மதிப்புள்ள வீடு, அதை ஒட்டி ஒரு காலி மனை. மகன் சென்னையில் கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறான். மகள் கோயம்புத்தூரில் மணமுடித்து வாழ்கிறாள்.

ஒரு பொங்கல் விடுமுறையில் மகன் வந்தான். "அப்பா, வீட்டை என் பெயருக்கு எழுதி வைத்துவிட்டால் எனக்கும் சென்னையில் வீடு வாங்க வழி பிறக்கும். நீங்களும் அம்மாவும் எங்களோடு வந்துவிடலாம். இங்கே தனியாக ஏன் இருக்க வேண்டும்?" என்றான். அவன் சொல்லில் கபடம் இல்லை, அன்பே இருந்தது. தந்தையும் பத்திர எழுத்தரிடம் பேசிவிட்டு வந்தார்.

அன்றிரவு அவர் மனைவி ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார். "என்னங்க, நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் யார்?"

அக்கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. பல்லாயிரம் இல்லங்களில் இக்கேள்வி கேட்கப்படுவதே இல்லை. கேட்கப்படும்போது பத்திரம் பதிவாகி முடிந்திருக்கும்.

வீடு என்னும் சொல்

தமிழில் 'வீடு' என்னும் சொல் விடுதலையையும் குறிக்கும், குடியிருக்கும் மனையையும் குறிக்கும். பற்று விட்ட நிலைக்கும், பற்று மிகுந்து நிற்கும் இடத்திற்கும் ஒரே பெயர் அமைந்தது சிந்திக்கத்தக்கது. இல்லறத்தார்க்குச் சமண அறம் வகுத்த ஐந்தாம் அணுவிரதம் மிகுபொருள் விரும்பாமை. அதில் அளவுபடுத்த வேண்டிய உடைமைகளின் வரிசையில் முதலில் நிற்பவை நிலமும் வீடுமே. பொன்னும் தானியமும் அவற்றின் பின்னரே வருகின்றன. மனிதர் எளிதில் விட முடியாதது எது என்பதை முன்னோர் அறிந்தே அவ்வாறு வரிசைப்படுத்தினர் போலும்.

வீட்டின் மீதான பற்று மூன்று இழைகளால் ஆனது. அது தலைக்கு மேல் நிழல். கைக்கு எட்டாத சேமிப்பு. பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் அடையாளம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதே துன்பத்தின் தொடக்கம். நிழல் வேண்டுமா, வருவாய் வேண்டுமா, மரபுரிமை வேண்டுமா என்று தனித்தனியே கேட்டுப் பார்த்தால் பாதி முடிவு தானே புலப்படும்.

முதலில் நீர்க்கணக்கு

1895-ஆம் ஆண்டு பென்னி குயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் வாழும் பள்ளத்தாக்கு இது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்திற்கு முதற்போகத்துக்கென ஜூன் முதல் நாளில் தண்ணீர் திறப்பது வழக்கம். பாசனத்திற்கு நொடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, 120 நாள்கள் என்று கணக்கிட்டே திறப்பர். அணை நிறைந்திருக்கிறது என்பதற்காக ஒரே வாரத்தில் திறந்துவிடுவதில்லை. குடிநீரைப் பாசன நீரோடு கலந்து கணக்கிடுவதும் இல்லை.

முதுமையின் செலவும் இவ்வாறே வகுக்கப்பட வேண்டும். உணவு, மருந்து, மின்கட்டணம், வீட்டு வரி ஆகியவை குடிநீர் போன்றவை. எது தவறினாலும் இவை தவறக் கூடாது. யாத்திரை, தானம், பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் சீர் ஆகியவை பாசன நீர் போன்றவை. மழைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். மேற்சொன்ன இணையரின் தவறாத செலவு மாதம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். 15 லட்ச வைப்பு நிதி 7 விழுக்காடு வட்டியில் மாதம் 8,750 ரூபாய் தரும். எஞ்சிய 11,250 ரூபாய்க்கு வழி வேண்டும்.

விலைவாசியையும் மறத்தல் ஆகாது. ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். இன்று 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்திற்கு, கணவரின் எண்பதாம் வயதில் 40,000 ரூபாய் தேவைப்படும். ஆகவே இன்றைய பற்றாக்குறைக்கே எல்லாக் கருவிகளையும் செலவழித்துவிடுதல் அறிவுடைமை அன்று. ஒன்றையாவது பிற்காலத்திற்கு இருத்தி வைத்தல் வேண்டும்.

விற்றல்

முதல் வழி விற்பது. வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கோ, பிள்ளைகள் வாழும் நகருக்கோ குடிபெயர்வது பலர் எண்ணும் வழி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வரும் ஆதாயம் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23-க்குப் பின் இதற்கு 12.5 விழுக்காடு வரி. அந்நாளுக்கு முன் வாங்கிய நிலம், கட்டடம் எனில், விலைவாசிக் குறியீட்டுச் சலுகையுடன் 20 விழுக்காடு என்று கணக்கிட்டு, இரண்டில் எது குறைவோ அதைச் செலுத்தும் வாய்ப்பும் தனிநபருக்கு அளிக்கப்பட்டது. விற்ற ஆதாயத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு.

கிடைத்த தொகையை வைக்கத் தக்க இடங்களுள் ஒன்று, அஞ்சலகங்களிலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரல் முதல் ஒருவர் இதில் 30 லட்ச ரூபாய் வரை வைக்கலாம். அப்போது வட்டி 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. புதிய கணக்குகளுக்கான வட்டியை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. ஒருமுறை தொடங்கிய கணக்குக்கு ஐந்தாண்டும் அதே வட்டி தொடரும். அந்த வட்டியில் 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,46,000 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் அளவுக்குக் கிடைக்கும்.

கணக்கு கவர்ச்சியாகவே தோன்றும். ஆனால் வீட்டை விற்றவருக்கு வாடகை என்னும் புதுச் செலவு பிறக்கிறது. குச்சனூரில் பால்காரர், மருந்துக் கடைக்காரர், பக்கத்து வீட்டார் எல்லாரும் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர், பெருநகரின் ஏழாம் மாடியில் பெயரற்றவராகிறார். இந்த இழப்பை எந்த வட்டி விகிதமும் ஈடு செய்யாது. ஆகவே குடிபெயர விரும்புவோர் உடனே விற்றுவிடாமல், வீட்டை ஓராண்டு வாடகைக்கு விட்டு, புதிய இடத்தில் வாழ்ந்து பார்த்தபின் முடிவெடுத்தல் நன்று. விற்ற வீட்டை மீண்டும் அதே விலைக்கு வாங்க முடியாது.

தலைகீழ் அடமானம்

இரண்டாம் வழி, ரிவர்ஸ் மார்ட்கேஜ் எனப்படும் தலைகீழ் அடமானக் கடன். 2007-2008-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, தேசிய வீட்டுவசதி வங்கி வகுத்த நெறிமுறைகளின்படி நடைமுறைக்கு வந்த திட்டம் இது. வழக்கமான வீட்டுக் கடனில் மக்கள் மாதந்தோறும் வங்கிக்குத் தவணை செலுத்துவர். இதில் வங்கியே முதியவருக்கு மாதந்தோறும் பணம் செலுத்தும். வீடு அடமானமாக இருக்கும். முதியவர் அதே வீட்டில் வாழ்ந்திருப்பார்.

அறுபது வயது நிறைந்தோர் இதற்குத் தகுதியுடையோர். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பெறுவதாயின் ஒருவர் அறுபதைக் கடந்திருக்க, மற்றவர்க்கு ஐம்பத்தைந்து நிறைந்திருந்தால் போதும். வீடு வில்லங்கமற்றதாகவும், அவர்கள் குடியிருப்பதாகவும், குறைந்தது இருபது ஆண்டுகள் நிற்கக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும். இருவருள் இறுதிவரை வாழ்பவர் மறையும் வரையில் கடனைத் திருப்பிக் கேட்பதில்லை. அதன்பின் வாரிசுகள் கடனைச் செலுத்தி வீட்டை மீட்க முதல் வாய்ப்பு பெறுவர். அவர்கள் மீட்காவிடில் வங்கி விற்று, தன் கடன் போக மிச்சத்தை அவர்களிடமே தரும். வீட்டின் விலையைக் காட்டிலும் கடன் மிகுந்துவிட்டால் அந்த மிகுதிக்கு வாரிசுகள் பொறுப்பல்லர். மருத்துவத் தேவைக்கு, தகுதித் தொகையில் பாதிவரை, 15 லட்ச ரூபாய்க்கு மிகாமல் மொத்தமாகப் பெறவும் வழி உண்டு. இத்திட்டத்தில் பெறும் தொகை வருமானம் ஆகாது என்று 2008-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வரிவிலக்கும் அளித்தது.

இவ்வளவு நன்மை இருந்தும் இத்திட்டம் நாட்டில் பரவவில்லை. பிள்ளைக்கு விட்டுச்செல்ல வேண்டிய வீட்டை அடகு வைப்பதா என்னும் மனத்தடை ஒரு காரணம். மற்றொரு காரணம் கணக்கிலேயே உள்ளது. 40 லட்ச ரூபாய் வீட்டின் மதிப்பில் 60 விழுக்காடு, அதாவது 24 லட்சம் கடன் எல்லை. 10 விழுக்காடு வட்டி. பதினைந்து ஆண்டுகள் என்று கொள்வோம். மாதந்தோறும் கிடைப்பது சுமார் 5,790 ரூபாய் மட்டுமே. பதினைந்து ஆண்டுகளில் கைக்கு வருவது பத்தரை லட்சத்திற்கும் சற்றுக் குறைவு. எஞ்சிய பதின்மூன்றரை லட்சமும் வட்டி. கூட்டு வட்டி சேமிப்பவருக்குத் தோழன், கடன் பெறுபவருக்குப் பகைவன் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டா.

அதே வீட்டை, அதே நிபந்தனைகளில், பத்தாண்டுக் காலத்திற்கு அடமானம் வைத்தால் மாதம் சுமார் 11,700 ரூபாய் கிடைக்கும். காலம் குறையக் குறைய வட்டி தின்பது குறைகிறது. ஆதலின் இக்கடன் அறுபதில் நாட வேண்டிய முதற்கருவி அன்று. எழுபத்தைந்துக்கு மேல், பிற வழிகள் வற்றும்போது நாடத்தக்க கடைசிக் கருவி. தவணைக்காலம் முடிந்தால் மாதப் பணம் நின்றுவிடும், வீட்டில் வாழும் உரிமை மட்டுமே தொடரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வீட்டு வரியும் காப்பீடும் பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பே.

சிற்றூர்களில் இன்னொரு தடையும் உண்டு. பழைய ஊர்ப்பகுதி வீடுகள் பல கிராம நத்தத்தில் அமைந்தவை. தாத்தா கட்டிய வீடு, பத்திரம் இல்லை, நத்தம் பட்டா மட்டும் உண்டு, அதுவும் தாத்தா பெயரில் என்ற நிலை எங்கும் காணப்படுகிறது. மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்கும் வங்கியிடம் இத்தகைய வீட்டைக் காட்டிக் கடன் பெறுவது அரிது. பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றுதல், பேரூராட்சி வரி ரசீதைத் தம் பெயரில் பெறுதல், பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதைப் பதிவு செய்தல் ஆகிய மூன்றையும் உடலில் தெம்பு உள்ள அறுபது வயதிலேயே முடித்துவிட வேண்டும். எண்பதில் வட்டாட்சியர் அலுவலகப் படியேற இயலாது.

தானப் பத்திரமும் உயிலும்

மூன்றாம் வழி, மகன் கேட்ட வழி. வாழும்போதே பிள்ளைக்கு எழுதி வைத்தல். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்க்குள் எழுதப்படும் தானசெட்டில்மெண்ட் பத்திரத்திற்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை உச்ச வரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டண உச்ச வரம்பு 10,000 ரூபாய். அயலாருக்கு விற்பதை நோக்க இது மிகக் குறைவு. செலவு குறைவு என்பதாலேயே பலர் ஆழ்ந்து எண்ணாமல் கையொப்பமிடுகின்றனர். பதிவு செய்து பெற்றவர் ஏற்றுக்கொண்ட தானத்தைக் கொடுத்தவர் பின்னர் மனம் மாறினார் என்பதற்காக மீட்க இயலாது.

இங்கே ஒரு பாதுகாப்பு உண்டு. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அது. தம்மைப் பேணி அடிப்படை வசதி செய்து தர வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த முதியவரைப் பெற்றவர் பேணத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே அத்தீர்ப்பாயத்தின் தலைவர். குச்சனூரார்க்கு அது உத்தமபாளையத்தில் உள்ளது. நிபந்தனை இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இச்சட்டத்தை முதியோர்க்கு நன்மை பயக்கும் வகையில் பொருள்கொள்ள வேண்டும் என்றும், வீட்டைத் திருப்பி ஒப்படைக்க ஆணையிடும் அதிகாரம் தீர்ப்பாயத்திற்கு உண்டு என்றும் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆகவே எழுதிக் கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருப்போர் இரண்டு வாசகங்களை விடக் கூடாது. கணவன், மனைவி இருவருக்கும் ஆயுள் உள்ளளவும் அவ்வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உண்டு என்பது ஒன்று. பெற்றவர் அவர்களைப் பேணுதல் இக்கொடையின் நிபந்தனை என்பது மற்றொன்று. அன்புள்ள மகன் இவ்வாசகங்களைக் கண்டு வருந்த மாட்டான். வருந்துவானாயின் அவை தேவைப்பட்டன என்பது அதனாலேயே விளங்கும். ஆயினும் முதுமையில் சொந்தப் பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பாயத்தின் வாசலில் மனுவோடு நிற்கும் துயரத்தைச் சட்டம் போக்காது. அந்நிலை வராமல் காப்பதே மேல்.

அதற்குரிய வழி உயில். உயில் எழுதியவர் மறைந்த பின்னரே நடைமுறைக்கு வரும். உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். இரு சாட்சிகள் கையொப்பமிட்டிருத்தல் கட்டாயம். பதிவு கட்டாயமன்று, எனினும் பதிவு செய்தல் பிற்காலப் பூசலைக் குறைக்கும். வங்கிக் கணக்கில் நாமினி எழுதியிருக்கிறோம், அதுவே போதும் என்று எண்ணுதல் பிழை. நாமினி பணத்தைப் பெற்று உரியோரிடம் சேர்க்கும் பொறுப்பாளர். அப்பெயரே உரிமையாகி விடாது.

உயில் இல்லாவிடில் என்ன நேரும்? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். கணவர் தாமே தேடிய வீட்டை உயிலின்றி விட்டுச் சென்றால், மனைவி, மகன், மகள் ஆகியோர்க்குச் சம பங்கு. கணவரின் தாய் உயிரோடிருந்தால் அவர்க்கும் ஒரு பங்கு. குச்சனூர் இல்லத்தில் மனைவிக்கு உரியது மூன்றில் ஒரு பங்கே. முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் கோலமிட்ட வாசலில் மூன்றில் இரண்டு பங்கு மற்றவர்க்கு உரியதாகிவிடும். அவர்களுள் எவரும் பாகம் கேட்டு வழக்குத் தொடரலாம். "நான் யார்?" என்று அந்த அம்மையார் கேட்ட கேள்விக்குச் சட்டம் தரும் விடை இதுவே. பொதுவாக மனைவியர் வயதில் இளையவர். கணவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாழ்பவர். வீட்டைப் பற்றிய எந்த முடிவும் முதலில் அந்த ஆண்டுகளைக் கருதியே எடுக்கப்பட வேண்டும்.

பிற நாட்டு வழிகள்

பிற நாடுகளும் இவ்வினாவோடு போராடியே வருகின்றன. சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரிய வீடுகள் குத்தகைக் காலம் உடையவை. அங்கே 2009 முதல், முதியோர் தம் வீட்டின் குத்தகையில் பிற்பகுதியை மட்டும் வாரியத்திற்கே விற்று, அத்தொகையை ஓய்வுக்கால வருவாயாக்கி, அதே வீட்டில் தொடர்ந்து வாழலாம். 

பிரான்சில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முதியவரின் வீட்டை வாங்குபவர், அவர் மறையும்வரை மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துவார்; மறைந்தபின் வீடு வாங்கியவருக்கு. 1965-இல் ஆர்ல் நகரில் ழான் கல்மான் என்னும் 90 வயது மூதாட்டியோடு 47 வயது வழக்குரைஞர் ஒருவர் இவ்வாறு ஒப்பந்தம் செய்தார். மாதம் 2,500 பிராங்கு. மூதாட்டி நெடுநாள் இரார் என்பது அவர் கணக்கு. முப்பது ஆண்டுகள் பணம் செலுத்திய வழக்குரைஞர் 1995-இல் மறைந்தார். அவர் குடும்பத்தார் தொடர்ந்து செலுத்தினர். மூதாட்டி 1997-இல், தம் 122-ஆம் வயதில் மறைந்தார். ஆயுள் எவர் கணக்குக்கும் கட்டுப்படாது என்பதை உலகம் அவரிடம் கற்றது. எழுபத்தைந்து வரை போதும் என்று திட்டமிடுவோர் இதை எண்ணிப் பார்ப்பாராக.

அறம் காட்டும் வரிசை

பற்று விட வேண்டும் என்பதே சமய நெறி. அப்படியிருக்க உயிலும் நிபந்தனையும் எதற்கு என்று சிலர் வினவலாம். இல்லறத்தார் ஏறத்தக்க படிநிலைகள் பதினொன்று. உடைமைகளை முற்றும் துறக்கும் பரிக்கிரகத் தியாகம் அவற்றுள் ஒன்பதாவது. குடும்பக் காரியங்களில் கருத்துரைப்பதையும் துறக்கும் அனுமதித் தியாகம் பத்தாவது. அவை எட்டுப் படிகளைக் கடந்து, மனம் பக்குவமடைந்தபின், தாமே விரும்பி ஏறும் படிகள். மகனின் வங்கித் தேவைக்காக ஒரே நாளில் ஒன்பதாம் படிக்குத் தள்ளப்படுவது துறவன்று, அது இழப்பு. துறந்தவர் அமைதி பெறுவார்; இழந்தவர் ஏக்கம் கொள்வார். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. அபயம் என்பது அஞ்சேல் என்று கூறி அடைக்கலம் தருவது. அந்த அபயத்தை முதலில் தம் இல்லத்து மூத்தோர்க்குத் தருவது இளையோர் கடன்.

இல்லத்தின் முடிவு

குச்சனூர் இணையர் என்ன செய்யலாம்? மேற்சொன்ன கணக்குகளைத் தொகுத்தால் ஒரு வழி தெளிவாகிறது. குடியிருக்கும் வீட்டை அவர்கள் விற்கவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஒட்டியிருந்த காலி மனையை மட்டும் விற்றனர். வரி போகக் கிடைத்த 12 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வைத்தனர், 8.2 விழுக்காட்டில் அது மாதம் 8,200 ரூபாய்க்கு ஈடாகக் காலாண்டுதோறும் வரும். சாலையை நோக்கிய முன்னறையை மாதம் 5,000 ரூபாய்க்குப் பூசைப் பொருள் கடைக்கு வாடகைக்கு விட்டனர். பழைய வட்டி 8,750, புதிய வட்டி 8,200, வாடகை 5,000, மொத்தம் 21,950. குடிநீர்க் கணக்கு நிறைந்தது. விலைவாசி ஏறி எண்பதில் நெருக்கடி வந்தால், தலைகீழ் அடமானமோ விற்பனையோ அப்போது காத்திருக்கும். வீடு அவர்களின் சாவா மூவாப் பேராடாக நின்றது.

அடுத்து, கணவர் உயில் எழுதினார். தமக்குப் பின் வீடு மனைவிக்கே முழு உரிமை. அவருக்குப் பின் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு சேர, மனைவியும் தனியே ஓர் உயில் எழுதினார். வழக்குரைஞரைக் கொண்டு வாசகங்களைச் சீர்செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தனர்.

இறுதியாக, அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் அமர்த்தி உயிலைப் படித்துக் காட்டினர். இதுவே எல்லாவற்றிலும் கடினமான செயல். மகன் முகம் சற்று வாடியது. மகள், "எனக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கவே இல்லை, அப்பா" என்றாள். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மகன், "சென்னை வீட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் சேமிக்கிறேன். அம்மா பெயரில் இருப்பதுதான் சரி" என்றான். மூடிய பெட்டியில் கிடந்து, தந்தை மறைந்த பதினாறாம் நாள் வெளிப்படும் உயில் உடன்பிறந்தோரைப் பிரிக்கும். உயிரோடிருக்கும் தந்தை தம் வாயால் கூறும் காரணம் அவர்களைச் சேர்த்து வைக்கும்.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் மூன்று தாள்களைத் தேடி எடுக்க வேண்டும். வீட்டுப் பத்திரம் அல்லது பட்டா யார் பெயரில் உள்ளது? மாதம் தவறாத செலவு எவ்வளவு? உயில் எழுதப்பட்டுள்ளதா? இம்மூன்றுக்கும் விடை ஒரே தாளில் அடங்கும். அத்தாளை எழுதும்போது, இல்லத்து மூதாட்டியை அருகில் அமர்த்திக் கொண்டு எழுதுக. அவர் வாய்திறந்து கேட்காவிட்டாலும், அவர் மனத்தில் உள்ள கேள்விக்கு அத்தாளில் விடை இருக்கட்டும்.